மெத்தையின் ஆயுள் எடையில் தெரியும்: ஃபோம் தரம் பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள் ஏர்கான் வாங்கப் போனால் மின்சிக்கன ஒட்டுச்சீட்டில் எத்தனை டிக் என்று எண்ணுகிறார்கள். குளிர்பதனப் பெட்டிக்கும் அதே கணக்கு. மெத்தைக்கு அப்படி ஓர் ஒட்டுச்சீட்டு கிடையாது. ஆகவே உள்ளங்கையால் ஓர் அழுத்து, ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருவது, கொஞ்சம் பேரம், அதோடு முடிந்துவிடுகிறது.

அந்த அழுத்தலில் மெத்தை இன்று எப்படி இருக்கிறது என்பது தெரியும். மூன்று வருடம் கழித்து இடுப்பு படும் இடத்தில் பள்ளம் விழுமா என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடிய எண்கள் உண்டு. கேட்டால் சில கடைகளில் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டாலும் எடையையும் அளவையும் வைத்து வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

1. அடர்த்தி வேறு, கடினம் வேறு

"இது ஹை டென்சிட்டி, நல்ல கெட்டியா இருக்கும்" என்று விற்பனையாளர் சொல்லும்போது இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. முதலில் இதைப் பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கடினம் என்பது ஃபோமை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆய்வுக்கூடத்தில் நான்கு அங்குலத் தடிமனுள்ள துண்டின் மேல் எட்டு அங்குல வட்டத் தட்டு ஒன்றை வைத்து, தடிமனில் கால் பங்கு அமுங்கும்வரை அழுத்துவார்கள். அதற்கு எத்தனை பவுண்டு பலம் பிடித்ததோ அதுதான் அந்த ஃபோமின் கடின எண். விவரத்தாள்களில் ஐஎல்டி அல்லது ஐஎஃப்டி என்று வருவது இது. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது. காற்றைத் தள்ளிவிட்டால் உள்ளே எவ்வளவு சரக்கு மிஞ்சும் என்பதை அது காட்டும்.

சாதாரண ஃபோம் தயாராகும்போது ரசாயனக் கலவையில் சேரும் தண்ணீரிலிருந்து கரியமில வாயு கிளம்பும். அதில் கலவை பொங்கி, கோடிக்கணக்கான சிறு அறைகளாக உறைகிறது. அந்த அறைகளைத் தாங்கி நிற்பவை மெல்லிய நரம்பு போன்ற தண்டுகள். நீங்கள் படுக்கும் ஒவ்வோர் இரவும் அவை வளைந்து நிமிர்கின்றன. சரக்கு குறைந்த ஃபோமில் தண்டுகள் மெல்லியவை, சீக்கிரம் தளர்ந்து முறியும். அப்படித்தான் பள்ளம் விழுகிறது. துணியோ தையலோ பெரும்பாலும் காரணமில்லை.

கலவையை மாற்றினால் சரக்கு குறைந்த ஃபோமையும் கடினமாக்கலாம். இதுதான் வாங்குகிறவர் ஏமாறும் இடம். மலிவான ஃபோமின் கடினம் வேட்டிக்குப் போட்ட கஞ்சி மாதிரி: முதல் நாள் விறைப்பாக நிற்கும், நாலு சலவையில் போய்விடும். நூலின் கனம் மட்டும் கடைசிவரை இருக்கும். அதேபோல, தொட்டால் பஞ்சாக இருக்கும் ஒரு ஃபோம் மிக அடர்த்தியானதாகவும் இருக்கலாம். கை ஏமாறும், தராசு அவ்வளவு சுலபமாக ஏமாறாது.

இன்னொன்று. "ஹை டென்சிட்டி" என்பதற்கு யாரும் எல்லை வகுக்கவில்லை. கன மீட்டருக்கு 22 கிலோ உள்ள ஃபோமை ஹை டென்சிட்டி என்று விற்றாலும் தடுக்க ஆள் இல்லை. எண் சொல்லாத அடர்த்தியைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். "ஆர்த்தோபீடிக்" என்ற சொல்லும் இதே ரகம்தான்.

2. எண்ணைக் கேட்கும் முன் எந்த வகை என்று கேளுங்கள்

ஃபோமில் சில வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எண்கள் வேறு. 50 கிலோ என்பது ஒரு வகையில் மிக உயர்ந்த தரம், இன்னொரு வகையில் சுமார்.

சாதாரண பாலியூரித்தேன் ஃபோம்தான் அதிகம் விற்பது. கன மீட்டருக்கு 24 கிலோவுக்குக் கீழே இருந்தால் விருந்தாளி வந்தால் விரிக்கும் மெத்தைக்குச் சரி, தினமும் பெரியவர் படுக்க வேண்டாம். 28, 30 கிலோவை எட்டினால் சராசரி எடையுள்ள ஒருவருக்கு நம்பி வாங்கலாம். இதே குடும்பத்தில் எச்ஆர் (ஹை ரெசிலியன்ஸ், அதாவது நன்றாக மீண்டெழும் ஃபோம்) என்று ஒரு மேல்தட்டு உண்டு. அறைகள் ஒரே அளவாக இல்லாமல் கலந்து கிடப்பதால் மேலே மிருதுவாகவும், உள்ளே போகப்போகத் தாங்கும்படியும் இருக்கும். உண்மையான எச்ஆர் 40 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 28 கிலோவை எச்ஆர் என்று காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மெமரி ஃபோம் பாலியூரித்தேனின் உறவுதான், ஆனால் அழுத்தினால் மெதுவாக எழும். 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்ல்ஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைக்கென உருவாக்கியது. விளம்பரங்களில் வரும் "நாசா தொழில்நுட்பம்" இவ்வளவுதான். இன்று விற்கும் மெத்தையை நாசா பார்த்ததுகூட இல்லை. மெமரி ஃபோமில் 48 கிலோவுக்குக் கீழே பலவீனம், 64 நல்லது, 80 நெடுநாள் தாங்கும். 80 கிலோவில் படுத்தால் உடல் புதையும், புரள்வது சிலருக்குச் சிரமமாக இருக்கும். தரம் கூடக்கூடச் சுகமும் கூடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அமெரிக்க நிறுவனங்கள் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று எழுதும். 16ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். 4 பவுண்டு என்றால் 64 கிலோ.

லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால், நம் ஆட்களுக்கு அந்நியமில்லை. 1877இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. இங்குள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் எத்தனை பேர் நம் தாத்தா பாட்டிகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாலைக் கடைந்து நுரையாக்கி அச்சில் வேகவைத்தால் டன்லப் முறை லேட்டக்ஸ். அச்சுக்குள் காற்றை உறிஞ்சி, உறையவைத்து, பிறகு வேகவைத்தால் தலாலே முறை. அடர்த்தி பெரும்பாலும் 60இலிருந்து 95 வரை. நல்ல லேட்டக்ஸ் பள்ளம் விழாமல் தாங்குவதில் பாலியூரித்தேனை மிஞ்சும். ஆனால் "லேட்டக்ஸ் மெத்தை" என்ற பெயரில் வருவதில் மேலே மூன்று சென்டிமீட்டர் மட்டும் லேட்டக்ஸாக இருப்பதும் உண்டு, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை லேட்டக்ஸ் கலந்திருப்பதும் உண்டு. எத்தனை சதவீதம் இயற்கை, எத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

கடைசியாக ரீபாண்டட். வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அமுக்கிச் செய்வது. ஊரில் ரொம்பப் பிரபலம். அடர்த்தி 80, 100 என்று இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. அது அமுக்கியதால் வந்த எடை. அடிப்பலகை போலக் கீழே இருந்தால் நல்ல வேலை செய்யும். மேலே படுத்தால் பாயில் படுத்த மாதிரி. சிலருக்கு அதுதான் பிடிக்கும். ஊரிலிருந்து வந்த மாமியார் எந்த மெத்தையையும் ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்தால் ஃபோமைக் குறை சொல்ல முடியாது.

3. மேலிருந்து கீழே, அடுக்கு அடுக்காக

"25 சென்டிமீட்டர் மெமரி ஃபோம் மெத்தை" என்று எழுதியிருந்தால் 25 சென்டிமீட்டரும் மெமரி ஃபோம் என்று பொருளில்லை. மேலே மூன்றிலிருந்து ஐந்து, அதன் கீழே ஒரு மிருதுவான அடுக்கு, அடியில் பதினைந்துக்கு மேல் சாதாரண ஃபோம் என்பதுதான் வழக்கமான அமைப்பு.

கடைகள் அடியில் இருப்பதைப் பற்றிப் பேச ஆசைப்படும். "பேஸ் ஃபோம் 35 டென்சிட்டி" என்பார்கள். ஆனால் அடிப்பகுதி அபூர்வமாகத்தான் கெடும். உடல் எடை நேராக விழுவதும், வெப்பமும் வியர்வையும் முதலில் சேர்வதும் மேலே உள்ள ஏழெட்டு சென்டிமீட்டரில். அவை மிருதுவாக இருக்க வேண்டியவை என்பதால் அங்கேதான் மலிவான ஃபோமும் நுழைகிறது. ஸ்பிரிங் மெத்தைக்கும் இதே கதை. பாக்கெட் ஸ்பிரிங் எத்தனை ஆயிரம் என்று எண்ணிக் காட்டுவார்கள். எஃகு ஸ்பிரிங் பல வருடம் அசையாது. அதன் மேல் தைத்த தடித்த பில்லோ டாப்பில் இருக்கும் ஃபோம்தான் முதலில் அமுங்கிப் போகும். ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் பல மெத்தைகளில் உண்மையில் கெட்டது மேல் அடுக்கு.

ஆகையால் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: மேலிருந்து கீழே ஒவ்வோர் அடுக்கும் எந்த வகை, எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு அடர்த்தி? துணியோடு சேர்த்துத் தைத்த இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஃபோம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை, அது அமுங்கினாலும் பெரிய பள்ளம் விழாது. அதற்கு அடுத்த அடுக்கிலிருந்து கண்டிப்பாக இருங்கள்.

உயரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. 32 சென்டிமீட்டர் மெத்தை பார்க்க ஹோட்டல் மாதிரி இருக்கும், விரிப்பு மாட்டத்தான் தெரியும் கஷ்டம். 20 சென்டிமீட்டரில் நல்ல மேல் அடுக்கு இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பணத்தை மேல் ஏழெட்டு சென்டிமீட்டரில் போடுங்கள்.

4. எடை போட்டுப் பாருங்கள்

அடர்த்தியை யாரும் சொல்லாதபோதும், சொன்னதை நம்ப முடியாதபோதும் இதுதான் கை கொடுக்கும். இணையக் கடைகள் அனுப்பும் எடையைப் போட்டிருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். டென்சிட்டியைச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட எடையைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

இங்கே எல்லா அளவுக்கும் நீளம் 190 செ.மீ. அகலம் சிங்கிளுக்கு 91, சூப்பர் சிங்கிளுக்கு 107, குவீனுக்கு 152, கிங்குக்கு 182. குவீன் மெத்தை ஒன்று 25 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1.52ஐ 1.90ஆல் பெருக்கி, 0.25ஆல் பெருக்கினால் 0.72 கன மீட்டர். மெத்தையின் எடை 19 கிலோ, உறைக்கு மூன்று கிலோ கழித்தால் ஃபோம் 16 கிலோ. 16ஐ 0.72ஆல் வகுத்தால் 22. சராசரி அடர்த்தி 22 கிலோ. மேலே 64 கிலோ மெமரி ஃபோம் இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால், அடியில் இருப்பது வெறும் காற்றுக்குச் சமானம். அல்லது மேலே இருப்பது 64 இல்லை.

தலைகீழாகவும் போடலாம். விற்பவர் "மேலே 5 செ.மீ. மெமரி ஃபோம் 64, கீழே 20 செ.மீ. சாதாரண ஃபோம் 30" என்கிறார். குவீன் அளவில் மேல் அடுக்கு 0.144 கன மீட்டர், அதன் எடை 9 கிலோவுக்குச் சற்று மேல். கீழ் அடுக்கு 0.578 கன மீட்டர், எடை 17 கிலோவுக்கு மேல். உறையும் சேர்ந்தால் முப்பது கிலோவை ஒட்டி வர வேண்டும். 27, 28 வந்தால் விட்டுவிடலாம். சொல்லும் உயரத்தில் உறையின் புடைப்பும் சேர்ந்திருக்கும். 20 கிலோதான் என்றால் அந்தக் கடையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வெட்டிய மாதிரித் துண்டு கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. பத்து சென்டிமீட்டர் கனச்சதுரத் துண்டு எத்தனை கிராமோ அதுவே அடர்த்தி எண். 30 கிராம் என்றால் கன மீட்டருக்கு 30 கிலோ. அந்த அளவில் இல்லாவிட்டால் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, எடையை அதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 15க்கு 10க்கு 5 அளவுள்ள துண்டு 24 கிராம் என்றால் 32 கிலோ. சமையலறைத் தராசு போதும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சில தயாரிப்பாளர்கள் சுண்ணாம்புப் பொடியான கால்சியம் கார்பனேட்டைக் கலவையில் சேர்ப்பார்கள். எடை கூடும், எண் அழகாக வரும், தாங்கும் சக்தி கூடாது. துண்டைக் கசக்கினால் பொடி உதிர்வது போலிருந்தாலோ, எடைக்குப் பொருந்தாத மலிவு விலையில் கிடைத்தாலோ சந்தேகப்படுங்கள். அடுக்குக்கு அடுக்கு விவரத்தை எழுத்தில் தரும் நிறுவனத்தை நான் விரும்புவது இதனால்தான்.

அடர்த்தியோடு கேட்கக்கூடிய இன்னொரு எண் சப்போர்ட் ஃபேக்டர். தடிமனில் 65 சதவீதம் அமுக்கப் பிடிக்கும் பலத்தை 25 சதவீதம் அமுக்கப் பிடிக்கும் பலத்தால் வகுத்தால் வருவது. 2க்குக் கீழே என்றால் இடுப்பு அடிவரை போய் முட்டும் வாய்ப்பு அதிகம். 2.4, அதற்கு மேல் என்றால் நல்ல எச்ஆர் அல்லது லேட்டக்ஸ். எந்தக் கடையும் இதை வாசலில் எழுதி வைக்காது. தயாரிப்பாளரிடம் கேட்டால் சில நேரம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

5. உங்கள் எடையும் உங்கள் அறையின் சூடும்

மேலே சொன்ன எல்லைகள் சராசரி எடையுள்ளவர்களுக்கு. தொண்ணூறு கிலோவைத் தாண்டியவர் ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும்: சாதாரண ஃபோமில் 30 என்றால் 36, மெமரி ஃபோமில் 64 என்றால் 80. கணவருக்கும் மனைவிக்கும் எடை வித்தியாசம் அதிகம் என்றால் கனமானவரை வைத்துத் தேர்ந்தெடுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 25 கிலோ ஃபோமே போதும், அவர்கள் அதற்குள் வளர்ந்து சூப்பர் சிங்கிளுக்கு மாறிவிடுவார்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது வெப்பமும் ஈரப்பதமும். மெமரி ஃபோமின் இயல்பே சூட்டில் இளகுவது, குளிரில் இறுகுவது. ஜில்லென்று ஏர்கான் போட்ட கடையில் படுத்துப் பார்த்து "சரியான கெட்டி" என்று முடிவு செய்தால், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அதே மெத்தை இன்னும் இளகிக் கிடக்கும். ஏர்கான் இல்லாமல் தூங்குகிறவர்கள் தடித்த மெமரி ஃபோம் அடுக்கைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். மேலே எச்ஆர் அல்லது லேட்டக்ஸ், அல்லது ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய நல்ல ஃபோம், இவற்றில் காற்று போக வழி உண்டு. "கூலிங் ஜெல்" கலந்தது படுத்த சிறிது நேரம் குளுமையாக இருக்கும். இரவு முழுவதும் அந்தக் குளுமை நிற்காது, ஃபோம் உடல் சூட்டுக்கு வந்துவிடும்.

ஈரப்பதம் தானாகவே ஃபோமைக் கொஞ்சம் தளர்த்தும். இங்கே வருடம் முழுவதும் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் குளிர்நாடுகளில் எழுதப்படும் பத்து வருட ஆயுள் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. கடையில் செய்ய வேண்டியது

தெம்பனிஸில் ஐக்கியாவும் கோர்ட்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஜூரோங் ஈஸ்டின் ஐஎம்எம்மிலும் ஊட்ரமின் டான் பூன் லியாட் கட்டடத்திலும் வரிசையாகக் கடைகள். எக்ஸ்போவில் பர்னிச்சர் விற்பனை நடக்கும்போது கூட்டம் அலைமோதும். எங்கே போனாலும் சரி, வார நாளில் போங்கள். ஞாயிறு மாலையில் பின்னால் ஆள் காத்திருக்கும்போது நிம்மதியாகப் படுக்க முடியாது.

வெட்கப்படாமல் காலணியைக் கழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம், நீங்கள் வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே படுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் தோளும் இடுப்பும் புதைகின்றனவா என்று பார்க்க வேண்டும். மல்லாந்து படுப்பவர் கீழ்முதுகின் அடியில் கையை நுழைத்துப் பார்க்கலாம். தாராளமாகப் போனால் மெத்தை கடினம், நுழையவே மறுத்தால் இடுப்பு இறங்கிவிட்டது. அப்புறம் நடுவில் முட்டி போட்டு நில்லுங்கள். எடை முழுவதும் இரண்டு முட்டியில் விழும்போது அடிப்பலகை தட்டுப்பட்டால் தாங்கு சக்தி போதாது.

முதுகுவலிக்காரர்கள் கட்டாந்தரை போல் இருப்பதைத் தேட வேண்டியதில்லை. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரைக் கடின மெத்தை, நடுத்தரக் கடினம் என்று இரண்டாகப் பிரித்துப் படுக்க வைத்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே நல்ல பலன் கிடைத்தது.

அங்கேயே பணம் கட்டிவிடாதீர்கள். விற்பனையாளரின் எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாட்ஸப்பில் அடுக்கு விவரத்தையும் மொத்த எடையையும் கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் பின்னால் உதவும். "கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். எந்த உணவகமும் தன் மசாலாவைச் சொல்லாது, நியாயம்தான். ஆனால் இங்கே நாம் கேட்பது செய்முறையை இல்லை, எடையை.

ஓகோ டெக்ஸ், செர்டிபூர் போன்ற சான்றிதழ்களைக் காட்டுவார்கள். தீங்கான ரசாயனங்கள் விஷயத்தில் இவை பயனுள்ளவை, குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம் பார்க்கலாம். உங்கள் மெத்தையின் எந்த அடுக்கு எவ்வளவு அடர்த்தி என்பதை இவை சொல்லாது.

7. உத்தரவாதச் சீட்டின் சிறு எழுத்து

பத்து வருடம், பதினைந்து வருடம் என்று பெரிதாக எழுதியிருக்கும். அடியில் சிறிய எழுத்தில் எத்தனை சென்டிமீட்டர் பள்ளம் விழுந்தால் ஏற்பார்கள் என்று பாருங்கள். இரண்டரையிலிருந்து நாலு சென்டிமீட்டருக்குள் ஏதாவது ஓர் எண் இருக்கும். அதை மெத்தையில் யாரும் படுக்காமல் அளப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபோம் தளர்ந்துபோன மெத்தை ஆள் இறங்கியதும் எழுந்து நின்றுவிடும், ஆள் படுத்தால் புதைந்துவிடும். அளவுகோல் ஒரு சென்டிமீட்டர்தான் காட்டும், உங்கள் இடுப்பு நாலு காட்டும். மென்மையாகிப் போவது பெரும்பாலான உத்தரவாதங்களில் சேராது. கறை பட்டால் உத்தரவாதம் போச்சு, சரியான கட்டில் இல்லாவிட்டாலும் போச்சு. ஆண்டு கூடக்கூட நீங்கள் கட்ட வேண்டிய பங்கும் கூடும் முறையா என்றும் கேளுங்கள்.

நூறு இரவு வைத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்ற சலுகை சுகத்தைச் சோதிக்க நல்லது. ஆயுளைச் சோதிக்க உதவாது. இருபது கிலோ ஃபோம்கூட நூறு இரவு நன்றாகவே இருக்கும்.

சட்டம் இங்கே ஓரளவு நம் பக்கம். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முதலிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பழுது பார்த்தல், மாற்றுதல், விலைக்குறைப்பு, பணம் திரும்பப் பெறுதல் என்று வழிகள் உண்டு. திருப்தியான தரம் என்பதில் நீடித்து உழைப்பதும் அடக்கம் என்று பொருள் விற்பனைச் சட்டமும் சொல்கிறது. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE) அமைப்பை நாடலாம். அதற்கும் மேல் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளிவரை வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். வாட்ஸப்பில் எழுதி வாங்கிய அடர்த்தி விவரம் அங்கேதான் கை கொடுக்கும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

சுருட்டி அடைத்துப் பெட்டியில் வந்தால் பெட்டி மேல் ஒட்டிய கூரியர் சீட்டில் எடை இருக்கும். தூக்கிப் போடுவதற்குள் படம் எடுத்துக்கொண்டு நாலாம் பகுதிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். புது வீட்டுக்குக் குடியேற இன்னும் மாதங்கள் இருக்கிறது என்று பெட்டியைப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் வைக்காதீர்கள். நெடுநாள் அமுங்கிக் கிடந்த ஃபோம் முழு உயரத்துக்கு எழாது. பிரித்த பின் ஒன்றிரண்டு நாள், சில வகைக்கு மூன்று நாள் ஆகும் எழுந்து நிற்க. புது ஃபோம் வாடை ஜன்னலைத் திறந்து வைத்தால் சில நாளில் குறையும். முதல் சில வாரங்களில் கொஞ்சம் இளகுவது இயல்பு.

கட்டில் முக்கியம். சட்டங்களுக்கு இடையே ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அந்த இடுக்கில் இறங்கத் தொடங்கும். குவீன், கிங் கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் கட்டாயம் வேண்டும். இடம் போதாத வீடுகளில் எல்லாரும் வாங்கும் ஸ்டோரேஜ் கட்டிலில் மெத்தையின் அடியில் முழுப் பலகை. காற்று போக வழியில்லை, வியர்வை ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தரையில் நேராகப் போட்டாலும் இதே கதி. அவ்வப்போது மெத்தையைச் சாய்த்து நிறுத்தி, மின்விசிறியைப் போட்டு அடிப்பகுதியை உலர விடுங்கள். ஈரம் குறைந்தால் தூசிப் பூச்சிகளும் குறையும். ஆஸ்துமா, மூக்கடைப்பு உள்ள வீட்டில் இதுவே பெரிய உதவி.

வெயிலில் காயப்போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கு வெயில் நல்லது. லேட்டக்ஸ் வெயில் பட்டால் காய்ந்து உதிரத் தொடங்கும், பாலியூரித்தேன் மஞ்சளாகித் தளரும். நிழலும் காற்றும் போதும்.

முதல் நாளே தண்ணீர் புகாத உறை போட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். இன்றைய மெத்தைகளில் மேலே ஒரு வகை, கீழே ஒரு வகை என்பதால் கவிழ்த்துப் போட முடியாது.

பள்ளம் விழுந்ததா என்ற சந்தேகம் வந்தால் விரிப்பை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து நடுவில் அளவுகோலை வைத்து அளந்து, தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். உத்தரவாதம் கேட்கும்போது இந்தப் படங்களைக் கேட்பார்கள். மேல் அடுக்கு மட்டும் போய், அடி நன்றாக இருந்தால் மெத்தையை மாற்றாமல் மேலே ஐந்து சென்டிமீட்டர் லேட்டக்ஸ் டாப்பர் வாங்கிப் போடலாம். ஆனால் பள்ளம் ஆழமாகிவிட்டால் டாப்பரும் அந்தப் பள்ளத்தோடு சேர்ந்து இறங்கும், அப்போது பயனில்லை.

பழைய மெத்தையைக் கழிக்க, புது மெத்தை கொண்டுவரும் ஆட்களே எடுத்துப் போவார்களா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீவக வீடுகளில் பெரிய சாமான்களை அகற்ற டவுன் கவுன்சிலில் சொல்லி நாள் குறிக்கலாம். அதுவரை மெத்தை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பொது நடைபாதையில் சாய்த்து வைத்தால் தீப் பாதுகாப்பு விதிப்படி அது தப்பு.